லெந்து நாளில் தெருவில் போன வார்த்தை

மிஸ் டெல்ஃபீன் பாக்லி எங்கள் பரிசுத்த சிமியோன் ஆலயத்துக்குள் முதன்முதலில் வந்தது ஜெபிக்க அல்ல, கழிப்பறைக்கு.

பால்டிமோர் நகரப் பேருந்தை இருபத்தொன்பது வருஷம் ஓட்டியவர் அவர். அவருடைய பஸ் எங்கள் ஆலய மூலையில்தான் திரும்பும். ஒரு ஜனவரி மாதம், வண்டி நிறைய ஆட்களை அப்படியே உட்கார வைத்துவிட்டு, பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார். வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் பெயர் கேட்கவில்லை. எந்தச் சபை என்றும் கேட்கவில்லை. "இடது பக்கம், படி இறங்கிப் போங்க" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஸ் டெல்ஃபீன் ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தார். எந்தப் பிரசங்கம் உங்களை இங்கே இழுத்தது என்று புதிதாக வருகிறவர்கள் பக்தியோடு கேட்டால், இந்தக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லுவார். கேட்டவர்கள் காப்பிக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொள்ளுவார்கள்.

வேலையை விட்டபிறகு ஆலயத்தின் அடித்தளத்துச் சமையலறை அவர் கைக்கு வந்தது. புதன்கிழமை தோறும் பன்னிரண்டு மணிக்கு அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் சாப்பாடு. கோழி, சோறு, கீரை, சோளரொட்டி. சாப்பாட்டு அறையின் கோடியில் துணி அலமாரி ஒன்று உண்டு. வேண்டியவர்கள் கோட்டு, போர்வை, திரைச்சீலை என்று எடுத்துக்கொண்டு போகலாம். நான் அங்கே வெங்காயம் நறுக்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. மிஸ் டெல்ஃபீன் அந்த அறையைப் பஸ்ஸைப் போலத்தான் நடத்துவார். கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, பின்னால எடம் இருக்கு" என்பார். நூறு பேர் நகருவார்கள். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். யாரிடமும் பெயர் கேட்கக்கூடாது.

சபைக் கமிட்டித் தலைவர் மிஸ்டர் ஆல்டன் விட்கோம் இந்தச் சட்டத்தால் இரண்டு வருஷமாகத் தூங்கவில்லை. நல்ல மனிதர், காணிக்கைத் தட்டைக்கூட இரண்டு கையாலும் மரியாதையாகப் பிடிப்பார். ஆனால் எதற்கும் அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். வாசலில் ஒரு மேஜை போட்டு, வருகிறவர்களின் பெயரும் விலாசமும், எடுத்துப்போகிற பொருளும் எழுதவேண்டும் என்று கமிட்டியில் பேசினார். ஈஸ்டர் முடிந்து முதல் கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொன்னார்கள். மிஸ் டெல்ஃபீன் எங்கள் ஆயரான மதர் ரொவீனாவிடம் போய், அந்தப் புத்தகம் உள்ளே வந்தால் கரண்டியை வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். சமையலறைக்குத் திரும்பி என்னிடம், "பேர் கேட்டா பாதிப் பேரு வாசல்லயே திரும்பிருவாங்க, கண்ணு. நானே அன்னைக்குத் திரும்பியிருப்பேன். அவசரத்துல எனக்கு என் பேரே ஞாபகம் இல்ல" என்றார்.

இனி எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் நாற்பதும் நாங்கள் அல்லேலூயா என்ற வார்த்தையைச் சொல்லமாட்டோம். பாட்டிலும் வராது, ஜெபத்திலும் வராது. லெந்துக்கு முந்தின ஞாயிறு, அந்த வார்த்தை தைத்த வெள்ளைப் பட்டுக் கொடியை மடித்து ஒருவர் கையில் கொடுத்துவிடுவோம். மிஸ்டர் விட்கோமின் தாயார் தங்க நூலால் தைத்த கொடி அது. வாங்குகிறவர் அதை ஆலயத்துக்குள் எங்கேயாவது ஒளித்து வைக்கவேண்டும். இடம் அவருக்கு மட்டுமே தெரியும். ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். பிறகு எல்லாரும் நாற்பது நாள் அடக்கி வைத்ததைக் கூரை அதிரச் சொல்லுவோம். இந்த வருஷம் ஒளித்து வைக்கும் முறை மிஸ்டர் விட்கோமுடையது.

லெந்து தொடங்கி ஏழெட்டு நாள் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மிஸ் டெல்ஃபீனும் நானும் வெங்காய மூட்டையோடு நடந்து வந்துகொண்டிருந்தோம். மணிச்சத்தம் கேட்டது. பழவண்டிக்கார லானி காஸ்கின்ஸ் தன் குதிரை கவுண்டஸை ஓட்டிக்கொண்டு மூலை திரும்பினார். குதிரையின் தலையில் எப்போதும்போல் சிவப்பு இறகு. முதுகில் வெள்ளைப் பட்டு. அதில் சாண் உயரத் தங்க எழுத்தில் அந்த வார்த்தை. நான் வாயைத் திறந்தேன். மிஸ் டெல்ஃபீன் தன் கையால் என் வாயைப் பொத்தி, "லெந்து" என்றார்.

பிறகு வண்டியை நிறுத்தினார். பஸ்ஸை நிறுத்திய கைக்குக் குதிரை தானாக நின்றது.

"லானி, அது மேல என்ன?"

"போர்வை, மிஸ் டெல்ஃபீன். நீங்கதான குடுத்தீங்க. லெந்து தொடங்குன சாம்பல் புதன்கிழமை, லாயத்து ஜன்னலுக்குத் திரைச்சீலைன்னு ஒரு பெட்டி. அதுக்கு அடியில கெடந்துச்சு."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன். அல்லேலூயா."

மிஸ் டெல்ஃபீன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவாச் சொல்லு."

"எதுக்கு? நாங்க பாப்டிஸ்ட் சபை. வருஷம் பூரா சொல்லுவோம். உங்களுக்கு அது ரேஷன்லயா வருது?"

கொடியைத் திருப்பிக் கேட்டதற்கு லானி தலையைச் சொறிந்தார். கவுண்டஸுக்குப் பஸ் என்றாலே பயமாம். பிரேக் சத்தம் கேட்டால் ஆரஞ்சுப் பழத்தையெல்லாம் நடுரோட்டில் கொட்டிவிடுமாம். இந்தப் பட்டைப் போட்டதிலிருந்து பஸ் பக்கத்தில் வந்தாலும் காதைக்கூட அசைப்பதில்லையாம். கம்பளி தருகிறேன் என்று மிஸ் டெல்ஃபீன் சொல்லிப் பார்த்தார். கம்பளி அவளுக்கு அரிக்கும் என்றார் லானி. கடைசியில் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. லெந்து முடியும் வரை கொடி உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டிருக்கவேண்டும். மறைந்திருக்கவேண்டும் என்பதுதானே எங்கள் சட்டம். ஈஸ்டர் காலையில் லானியே கொண்டுவந்து கொடுப்பார். அதற்குப் பதிலாகச் செவ்வாய் தோறும் லாயத்துக்கு ஒரு தட்டு சோளரொட்டி போகவேண்டும். குதிரைக்கும் ஒரு துண்டு.

அன்றிலிருந்து மிஸ் டெல்ஃபீனுக்கு நிம்மதி இல்லை. கொடி எப்படி அலமாரிக்கு வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் தன் கையிலிருந்துதான் அது போயிற்று. இது தெரிந்தால் மிஸ்டர் விட்கோமின் புத்தகத்துக்கு வேறு சாட்சியே வேண்டாம். பாவ அறிக்கை ஜெபத்தில் எல்லாரும் எழுந்த பிறகும் அவர் முழங்காலில் இருந்தார். மதர் ரொவீனாவிடம் சொல்லிவிடுங்களேன் என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

"சொல்லணும்னுதான் நெனைக்கிறேன், கண்ணு. ஆனா அந்த வார்த்தையைச் சொல்லாம அந்தக் கொடியைப் பத்தி எப்படிச் சொல்றது? லெந்து முடியட்டும்" என்றார். இப்படி ஒரு சாக்கைத் தேவன் மன்னிப்பாரா என்றும் என்னிடமே கேட்டார். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மிஸ்டர் விட்கோமும் அந்த நாட்களில் சரியாக இல்லை. ஞாயிறு தோறும் ஆராதனைக்குப் பிறகு காப்பி வேளைக்கு ஒரு டஜன் பம்பளிமாஸ் பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் போய்விடுவார். லெந்துக்கு ஏதோ பொருத்தனை, நேர்த்திக்கடன் என்று நாங்கள் நினைத்தோம். மூன்றாவது வாரம் பழம் மிஞ்சிப்போய் மதர் ரொவீனா ஜாம் செய்தார். ஐந்தாவது வாரம் பம்பளிமாஸைப் பார்த்தாலே பாடகர் குழு வேறு பக்கம் நடந்தது. மிஸ் டெல்ஃபீன் வந்தால் மட்டும் அவர் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். "அவருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று மிஸ் டெல்ஃபீன் எனக்குக் குசுகுசுத்தார்.

ஈஸ்டர் வந்தது. பீடம் முழுக்க லீலிப் பூ. மதர் ரொவீனா பிள்ளைகளைத் தேட அனுப்பினார். இருக்கைகளுக்கு அடியில், ஆர்கனுக்குப் பின்னால், ஞானஸ்நானத் தொட்டிக்குள் எல்லாம் தேடினார்கள். ஒரு பிள்ளை பழைய குடை ஒன்றைக் கொண்டுவந்தது. இன்னொன்று யாருடைய பல்செட்டையோ கொண்டுவந்தது. யாரும் உரிமை கேட்கவில்லை. மிஸ் டெல்ஃபீன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். லானியைக் காணோம். திரும்பிப் பார்த்தால், மிஸ்டர் விட்கோமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆல்டன், பிள்ளைங்களுக்கு ஏதாவது ஜாடை காட்டுங்க" என்றார் மதர் ரொவீனா.

மிஸ்டர் விட்கோம் இருமினார். மிஸ் டெல்ஃபீன் எழுந்து நின்றார். அந்தச் சமையலறையை அவர் அந்த நிமிஷத்திலேயே மனதுக்குள் காலிசெய்துவிட்டார்.

"மதர், அது என் கையாலதான் வெளிய போச்சு. நான்தான் குடுத்தேன். யாருக்குன்னு எழுதி வெக்கல."

"இல்ல மதர்" என்று மிஸ்டர் விட்கோமும் எழுந்துவிட்டார். "நான்தான் அதைக் கீழ துணி அலமாரியில வெச்சேன். திரைச்சீலைப் பெட்டிக்குள்ள. பிள்ளைங்க அங்க தேட மாட்டாங்கன்னு."

மிஸ் டெல்ஃபீன் மெதுவாகத் திரும்பினார். "அலமாரியிலயா? புதன்கிழமை ஆனா காலியாகுற அலமாரியிலயா? பெட்டி மேல ஒண்ணும் எழுதலயா நீங்க?"

"என்ன எழுதுறது? லெந்துல அந்த வார்த்தையை எழுதலாமா?"

முன்வரிசையில் யாரோ களுக் என்று சிரித்தார்கள். பிறகு எல்லாம் வெளியே வந்தது. மிஸ்டர் விட்கோம் லெந்தின் முதல் வெள்ளிக்கிழமையே தன் ஜன்னலிலிருந்து குதிரையைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளி தோறும் லானியிடம் போய்க் கெஞ்சியிருக்கிறார். ஒரு டஜன் பம்பளிமாஸ் வாங்கினால் யோசித்துச் சொல்கிறேன் என்று லானி ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கிறார்.

"உங்ககிட்ட பம்பளிமாஸா?" என்றார் மிஸ் டெல்ஃபீன். "எங்கிட்ட சோளரொட்டி."

அந்த நேரத்தில்தான் வெளியே மணிச்சத்தம் கேட்டது. சபை முழுவதும், ஆராதனை நடுவில் என்றுகூடப் பாராமல், நடைபாதைக்கு இறங்கிற்று. கவுண்டஸ் படிக்கட்டின் கீழே நின்றது. கொடி நேர்பக்கமாக, வெயிலில் தங்கமாக இருந்தது. லானி தொப்பியைக் கழற்றி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், குளிப்பாட்டியதில்தான் நேரமாகிவிட்டது என்றார். மதர் ரொவீனா அங்கேயே, தெருவிலேயே, கையை உயர்த்தி அல்லேலூயா என்றார். நாங்கள் திரும்பச் சொன்ன சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கூடவே லானி, தினமும் பழம் கூவுகிற குரலில், எங்கள் எல்லாரையும்விட நீளமாகச் சொன்னார். கவுண்டஸ் அசையவில்லை. வாசலில் வைத்திருந்த லீலிப் பூவில் இரண்டைத் தின்றது.

கூட்டம் கலைந்தபிறகும் மிஸ்டர் விட்கோம் குதிரையின் பக்கத்திலேயே நின்றிருந்தார். பட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மிஸ் டெல்ஃபீன் கிட்டே போனார். நானும் காதை நீட்டிக்கொண்டு போனேன்.

"ஒண்ணு கேக்குறேன். லானி பேரும் விலாசமும் உங்க புத்தகத்துல இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கமிட்டி சார்பா ஒரு கடிதம் அனுப்பியிருப்பேன். கடுமையா."

"அது வந்திருந்தா அவன் இன்னைக்கு வந்திருப்பானா?"

அவர் பட்டின் ஓரத்தை இன்னொரு தடவை நீவினார். "எங்கம்மா இதைத் தெச்சு முப்பத்தேழு வருஷம். வருஷத்துல ஒரு நாள், இந்தச் சுவத்துக்குள்ளதான் தொங்கியிருக்கு. இந்த வருஷத்துக்கு முன்னால இதை வெயில்ல நான் பாத்ததே இல்ல" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இந்தக் குதிரைக்கு இப்ப என்னை அடையாளம் தெரியுது, மிஸ் டெல்ஃபீன். வெள்ளிக்கிழமை ஆனா ஜன்னல் பக்கம் திரும்பிப் பாக்குது" என்றார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வாசல் புத்தகம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அவரும் மனிதர்தானே, கை சும்மா இருக்காது. ஆட்கள் மேல் பெயர் வேண்டாம், பெட்டிகள் மேலாவது பெயர் ஒட்ட விடுங்கள் என்று கேட்டார். மிஸ் டெல்ஃபீன் சம்மதித்தார். லானியும் ஒரு நல்ல பருத்திப் போர்வையைப் பெற்றுக்கொண்டு கொடியைத் தந்துவிட்டார். ஈஸ்டர் தோறும் அதை ஒருநாள் கவுண்டஸ் போட்டுக்கொள்ளும் என்ற பேச்சின்பேரில்தான்.

கூட்டத்துக்கு அடுத்த புதன்கிழமை மிஸ்டர் விட்கோம் பசைத்தாளும் பேனாவுமாக அடித்தளத்துக்கு வந்தார். அலமாரிப் பெட்டி, அரிசிப் பெட்டி, கரண்டிப் பெட்டி, காப்பி அண்டா என்று ஒன்று விடாமல் ஒட்டினார்; எழுதிய தாள் ஒன்றிரண்டு மேஜையில் மிஞ்சின. ஒட்டி முடித்துத் திரும்பியவரைப் பார்த்து, "உள்ள நகருங்க, பின்னால எடம் இருக்கு" என்று சொல்லி, மிஸ் டெல்ஃபீன் அவர் முதுகில் அன்பாக ஒரு தட்டுத் தட்டினார். அவர் போய் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கினார். பல் இல்லாத ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் கேட்காமல், இரண்டு மணிவரை பேசிக்கொண்டிருந்தார். மிஸ்டர் விட்கோமின் நல்ல சாம்பல்நிறக் கோட்டின் முதுகில், அவருடைய கையெழுத்திலேயே, "இது கொடுப்பதற்கல்ல" என்று ஒட்டியிருந்தது. நூறு பேர் பார்த்தோம். ஒருவரும் சொல்லவில்லை.