ஆயுத பூஜையில் வைத்த சாவி

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு என் மகள் ஒரு கம்பிக் கூண்டுக்குள் குனிந்து கேபிள் மாட்டிக்கொண்டிருந்தாள். கூண்டின் சாவி அவள் பையில் இருந்தது. அது அவள் பையில் இருக்கும்வரை அங்கே மின்சாரம் ஏறவே கூடாது. ஏறியது.

நான் அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், நான் வேலை செய்யும் வக்கீல் அலுவலகத்தில், தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

ஷா ஆலம் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவள் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். சூரியனுக்குள் நடப்பதை ஓர் எஃகுக் கலத்துக்குள் நடத்திப் பார்க்கும் ஆராய்ச்சி. வாயுவைக் கடுஞ்சூடாக்கி, சுவரில் படாமல் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்து வைக்க வேண்டும். அந்தக் கலத்துக்கு டோக்கமாக் என்று பெயர். “மத்தவங்க கட்டறது மெதுவடை மாதிரிம்மா. எங்களோடது நடுவுல ஓட்டை போட்ட கொய்யா மாதிரி, குட்டியா, உருண்டையா. காந்தம் சின்னதா இருந்தாலே போதும். நம்ம மாதிரி நாடுகூட கட்டலாம்லா,” என்பாள். கண் இமைப்பதற்குள் அணைந்துவிடும் ஒரு வெளிச்சத்துக்காகப் பல வாரம் தூங்காமல் உழைப்பாள்.

காந்தத்துக்கு வேண்டிய மின்சாரத்தைப் பீரோ பீரோவாக அடுக்கிய மின்தேக்கிகளில் சேர்த்து, ஒரே மூச்சில் திறந்துவிடுவார்கள். தொட்டால் ஆள் மிஞ்ச மாட்டார். அதனால்தான் அந்தச் சாவி. வெளியே பலகையில் அது செருகியிருந்தால் மட்டுமே மின்சாரம் ஏறும். கூண்டுக்குள் போகிறவர் அதைப் பிடுங்கித் தன்னோடு எடுத்துப்போக வேண்டும். உயிர் அவரவர் பையில். நல்ல ஏற்பாடுதான்.

போன வருடம் ஆயுத பூஜைக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டில் எல்லோரும் அவரவர் தொழில் சாமானைச் சாமி முன் வைத்தோம். என் வீட்டுக்காரர் கார்ச் சாவியை வைத்தார். நான் பேனாவை வைத்தேன். மகள் டோக்கமாக்கையா தூக்கி வர முடியும்? கூண்டுச் சாவியைக் கொண்டுவந்தாள். சந்தனப் பொட்டு வைத்து, மஞ்சள் நூல் கட்டினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுப்பதில்லை. அவள் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த விருந்தினர்கள் காத்துக்கிடக்க, பாதி நாள் வேலை நின்றுவிட்டது. திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

வியாழக்கிழமை விபத்து என்று போன் வந்ததும் மருத்துவமனைக்கு நான் எப்படி ஓட்டிப் போனேன் என்று தெரியவில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலை முழுக்க அழவில்லை, திட்டிக்கொண்டே போனேன். மகள் கட்டிலில் கிடந்தாள். அபாயச் சங்கு ஊதியதும் உள்ளேயிருந்த சிவப்புப் பொத்தானை அடித்திருக்கிறாள். ஏறிய மின்சாரமெல்லாம் வெடிச் சத்தத்தோடு இறங்கியிருக்கிறது. பயத்தில் பின்னால் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. “காதுக்குள்ள தைப்பூச உறுமி அடிக்குதும்மா,” என்று சிரிக்கப் பார்த்தாள். “மெதுவா பேசுடி,” என்றேன். கத்திக்கொண்டிருந்தது நான்தான்.

தாதி அவளுடைய பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். உள்ளே சாவி. அழுக்கேறிய மஞ்சள் நூலும் அப்படியே இருந்தது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போனேன். ஆய்வுக்கூடத் தலைவர் காத்திருந்தார். நம் ஆள்தான்.

“சின்ன இன்சிடென்ட்தான் சிஸ்டர், பயப்படாதீங்க.”

“சாவி இவ பையில இருக்கு. அப்புறம் எப்படி கரண்ட் ஏறிச்சு?”

“டூப்ளிகேட் வெட்டி வெச்சிருக்கோம். உங்க பூஜையால வேல நின்னுச்சே, மறந்துட்டீங்களா? சாவிய சாமி ரூம்ல வெச்சா நாங்க என்ன பண்றது?”

அவர் நிறுத்தவில்லை. “இப்ப சாவிய வெச்சு கணக்கே இல்ல. உள்ள போறவங்க வாயால சொல்லிட்டுப் போகணும், எல்லாருக்கும் தெரியும். உங்க பொண்ணு சொல்லல. நாளைக்கு விசாரிப்பாங்க. ப்ராஜெக்ட்ல தொடர முடியாதுன்னுதான் நெனைக்கிறேன்.”

சாவியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “பூஜையில வெச்ச சாவி என் பொண்ணு பையில ஒழுங்கா இருந்திச்சு சார். அவளைக் கொல்லப் பார்த்தது நீங்க கடையில வெட்டின சாவி. சாமிய இழுக்காதீங்க.” காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பூட்டைப் படைத்ததே ஒருவர் உயிருக்காக என்றால், அதற்கு இரண்டாவது சாவி எதற்கு? விருந்தினர்களை ஒரு நாள் காக்க வைக்க முடியாதா? ஒரு பிள்ளையைவிட அந்த வெளிச்சம் அவ்வளவு அவசரமா?

“உணர்ச்சிவசப்படாதீங்க,” என்றார். அறையலாம் போலிருந்தது.

இருட்டத் தொடங்கிய நேரத்தில், மகளோடு வேலை செய்யும் மூத்த ஆராய்ச்சியாளர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். தலைவர், “உங்கள வீட்டுக்குப் போகச் சொன்னேனே?” என்று எழுந்தார். வந்தவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

“இன்னைக்கு சாவியத் திருப்பினது நான்தாம்மா. டூப்ளிகேட் வந்ததுலேர்ந்து உள்ள யாருன்னு பாக்குற பழக்கமே எனக்குப் போயிடுச்சு. அப்படி ஒண்ணு இருக்குறதே உங்க பொண்ணுக்குத் தெரியாது. அவகிட்ட சொல்லாதீங்க, சாமி குத்தம்னு சொல்லுவாள்னு சிரிச்சதே சார்தான். இப்ப வாயத் தொறந்தா பர்மிட் போயிடும்னு சொல்றாரு. போகட்டும்மா. நாளைக்கு நான் சொல்றேன்.”