மருந்து அடிக்காத நாலு பாத்தி

விஞ்ஞானி ஆவது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்தத் தேர்வு எழுத வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் போனைத் தட்டினாலே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

பூண்டில் வரும் இலைக்கருகல்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. கொடைக்கானலுக்கு மேலே எங்கள் மலைக்கிராமத்தில், அப்பாவின் வயலிலேயே ஓர் ஓரமாகப் பாத்தி பிரித்திருந்தேன். சில பாத்திகளுக்கு நான் சோதிக்கும் புது மருந்து. நாலு பாத்திக்கு மட்டும் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது. சும்மா விட்டால் நோய் எவ்வளவு தின்னும் என்று தெரிந்தால்தானே மருந்து எவ்வளவு காப்பாற்றியது என்று சொல்ல முடியும்? அப்பா தலையாட்டினார். ஆனால் கருகிய பாத்தி அவருக்கு மானப் பிரச்சினை. போகிற வருகிறவர்கள் வேறு, "என்னலே, மகளப் படிக்க வச்சுப் பூண்டச் சாகக் குடுத்துட்டியா?" என்று ஏற்றிவிட்டார்கள்.

ஒரு வாரம் கல்லூரிக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், நாலு பாத்தியிலும் இலையெல்லாம் மருந்துத் தடம்.

"ஒரே ஒரு தடவதான் தாயி அடிச்சேன்" என்றார் அப்பா. "பெத்த புள்ள காச்சல்ல கெடந்தா சும்மா பாத்துக்கிட்டு இருப்பாகளா?"

"நீங்க பூண்டக் காப்பாத்தல, என் படிப்பக் கொன்னுட்டீங்க" என்று வரப்பில் நின்று கத்தினேன். கத்தியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஒரு பருவம் போயே போய்விட்டது.

மறுநாள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அடிக்கலன்னே எழுதிரும்மா. போன வருஷம் வேற பையன் எடுத்த நம்பரக் கொஞ்சம் கூட்டிக் கொறச்சுப் போட்டா முடிஞ்சது. யார் வந்து பாக்கப்போறா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், அதுவும் பேராசிரியர்! அப்பாவாவது கேட்டதும் ஒப்புக்கொண்டார். "முடியாது சார், அடுத்த பருவம் திரும்பப் போடுறேன்" என்றேன். அன்றிலிருந்து துறையில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

அடுத்த பருவம் அப்பா அந்த நாலு பாத்திப் பக்கம் போகவே இல்லை. அந்த வருடம் பார்த்துத் தூறலும் மூடுபனியும் விடவில்லை. கருகல் அங்கே பிடித்து, அப்பா அடித்த வழக்கமான மருந்துக்கு மசியாமல் மீதி வயல் முழுக்கத் தாவியது. நாலு பாத்தியையும் பிடுங்கிப் போடுங்கள் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நோய் எவ்வளவு தின்னும் என்ற அந்த எண் எனக்கு வேண்டியிருந்தது.

ஜீப்பில் வந்து இறங்கிய பேராசிரியர் பச்சையாக நின்ற என் மருந்துப் பாத்திகளையும் கருகிய நாலையும் மாறி மாறிப் பார்த்தார். "பிரமாதம்மா! என்ன வித்தியாசம் பாரு!"

"நல்லா வந்துருக்குங்களாய்யா?" என்று அப்பா கேட்டார்.

"ரொம்ப நல்லா வந்துருக்கு."

அப்பா கருகிய வயலில் நின்றுகொண்டு அவரைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்ட அவரையும், பக்கத்தில் நோட்டும் கையுமாக வாயை மூடி நின்ற என்னையும் நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.