ஏன் வெறும் வயிறு?

போன வாரம் ஒரு கதவை இரண்டு கையாலும் ஓங்கித் தட்டினேன். ஆபரேஷன் தியேட்டர் கதவை!

அக்கா வீட்டுக்காரருக்கு ஹெர்னியா ஆபரேஷன். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்பவர். முதல் நாளே கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலையில் மாமாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் நானும் அக்காவும். எனக்குத்தான் பயம். அக்காதான் தைரியம் சொன்னாள்.

“பயப்படாத கண்ணு. உங்க மாமா வெறும் வயித்தோட போகல. கேன்டீன்ல இட்லி வாங்கிக் குடுத்துப்போட்டுத்தான் அனுப்புனேன். தெம்பா இருக்காரு.”

தூக்கிவாரிப்போட்டது எனக்கு.

“ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்கல்ல?”

“சொன்னாங்க. பசியோட மயக்க மருந்து குடுத்தா மனுசன் தாங்குவாரா?”

எழுந்து ஓடினேன். வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

“ஏனுங்க, உள்ள போகக் கூடாதுங்க.”

“அவரு சாப்பிட்டிருக்காருங்க! டாக்டர்கிட்ட உடனே சொல்லணும்!”

“சாப்பாடுங்களா? கேன்டீன் கீழ இருக்குதுங்க...”

இவரிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது? அவரைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினேன். எட்டிப் பார்த்த நர்ஸ், ‘இட்லி’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதுமே உள்ளே ஓடினார்.

ஊசி போட்டிருப்பார்களோ? அக்காவின் முகம் வெளிறிவிட்டது. என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தார். இளம்பெண். முகத்தில் கோபம்.

“ஊசியைக் கையில எடுத்துட்டேன். இன்னும் போடலை. சாப்பிட்டீங்களான்னு கேட்டதுக்கு இல்லவே இல்லைன்னாரே!”

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு விடுவார்களே என்று மாமா பொய் சொல்லியிருக்கிறார்.

அக்கா அழுதுவிட்டாள். ஆனாலும் கேட்டாள்.

“எங்க மேல தப்புதானுங்க. ஆனா ஏன் சாப்பிடக் கூடாதுன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா? தெரிஞ்சிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பனுங்களா?”

டாக்டர் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“மயக்கத்துல இருக்கும்போது வயித்துல இருக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடலாம்மா. உயிருக்கே ஆபத்து. நாங்க சொல்லியிருக்கணும்.”

மறுநாள் நல்லபடியாக ஆபரேஷன் முடிந்தது. உள்ளே போகும் முன் மாமா, கேட்காமலேயே டாக்டரிடம் ஒப்புக்கொண்டாராம் – “வாய் கொப்பளிக்கறப்ப ஒரு முழுங்கு தண்ணி உள்ள போயிருச்சுங்க. பரவாயில்லைங்களா?”

‘ஏன்?’ என்று கேட்பது நம் உரிமை. டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்வது நம் பொறுப்பு. இரண்டையும் ஊசிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்... அப்புறம் வாய் திறக்க முடியாது!