நியாயமான காலம்

கடலில் தொலைந்த கப்பல்களைப் பற்றிப் படிப்பதிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் இலண்டனை நோக்கிப் புறப்பட்டு, மொரீசியசை அண்டிய கடலில் புயலில் அகப்பட்டுத் திரும்பாமற்போனவை என் ஆய்வுப் பொருள். பாறையில் மோதிய கப்பலுக்குச் சாட்சி உண்டு. கரையொதுங்கிய பலகையோ தப்பிய மாலுமியோ எதையாவது சொல்லும். என்னைப் பிடித்துவைத்தவை சாட்சியற்றவை. புறப்பட்ட துறைமுகம் தெரியும். கூடச் சென்ற கப்பலொன்று அதைக் கடைசியாகக் கண்ட இடம் தெரியும். அதன் பின் ஒன்றுமில்லை. வந்துசேர்ந்த கப்பல்களின் பெயர்களை நாளேடுகள் அச்சிட்டன. வராத கப்பலின் உறவினர்கள் அந்தப் பத்தியை வாரக்கணக்கில் வாசித்திருப்பார்கள்.

தம்பி காணாமற்போவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் துறையைத் தேர்ந்துவிட்டேன். தெரிந்தவர்கள் இதை மாற்றி நினைக்கிறார்கள். திருத்துவதற்கு இப்போது எனக்குத் தெம்பில்லை.

தம்பி இந்தோனேசியக் கரையொன்றிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போவதற்காக மீன்பிடிப் படகொன்றில் ஏறினான். ஏறுமுன் ஊரிலிருந்த மனைவியோடு தொலைபேசியில் பேசினான். மகளுக்கு அப்போது இரண்டு வயது. படகு எங்கும் போய்ச் சேரவில்லை; மூழ்கியதாகவும் எவரும் சொல்லவில்லை. சில ஆண்டுகளின் பின் தாயும் மகளும் ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தார்கள். நான் அதே நகரின் அஜின்கோர்ட் பகுதியில் தனியன். சனிக்கிழமைகளில் பஸ் எடுத்து அங்கே போய்வருவது வழக்கமாயிற்று.

தம்பியின் மனைவி பொட்டையும் தாலியையும் விடவில்லை. திவசம் கொடுக்கவில்லை. தந்தையை இழந்தவர்கள் விரதமிருந்து காத்தோட்டிக்காய் சமைத்துப் படைக்கும் ஆடி அமாவாசையன்று, அவர் வீட்டில் ஆண்டுதோறும் கோழிக்கறி. என்னையும் சாப்பிட அழைப்பார். என் தம்பி உயிரோடிருக்கிறான் என்று ஊருக்கு அவர் அளிக்கும் மறுமொழி அது என நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கறியை உண்கையில் எனக்கும் சிறிது ஆறுதல் இருந்தது.

இவ்வருடம் தம்பியின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, திருமணம் ஒழுங்காயிற்று. அழைப்பிதழின் வாசகத்தை எழுதும் பொறுப்பு, படித்தவன் என்பதால், என்னிடம் வந்தது. எங்கள் வழக்கில் பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்ற சொல் வரும். நான் அதை எழுதவில்லை. எழுதுவதா விடுவதா என்று யோசிக்கவுமில்லை.

எழுதிக்கொண்டு போன சனிக்கிழமை, தம்பியின் மனைவி சமையலறை மேசையருகே அமர்ந்து வாசகத்தை இரண்டுமுறை வாசித்தார்.

"அண்ணை, அவரின்ரை பேருக்கு முன்னாலை ஒண்டும் போடேல்லை."

போட வேண்டுமென்று நீங்கள் சொல்லவில்லையே என்றேன். அவர் நான் படிக்கிற அந்தக் கப்பல்களைப் பற்றிக் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. தகவல் வராத கப்பலுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார்கள்?

எனக்குப் பழகிய விடயம். வகுப்பறைக் குரல் தானாக வந்தது. காப்புறுதிக்காரர்களிடம் நிலையான விதி இருக்கவில்லை என்றேன். பயணத்தின் தூரத்தையும் பருவக்காற்றையும் கணக்கிலெடுத்து, நியாயமான காலம் கழிந்தபின் கப்பல் மூழ்கியதாகக் கொண்டார்கள். எந்த இடத்தில், எந்த நாளில் என்று எவரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப எங்கடை நியாயமான காலம் இன்னும் முடியேல்லையோ?"

அந்தச் சொல் அச்சிலேறினால் மணவறையில் அவர் நிற்பதைப் பற்றிச் சனம் கதைக்கும் என்றேன். உண்மையில் அது என் கவலை அல்ல. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"கதைக்கட்டும். என்ரை பிள்ளையின்ரை மணவறைக்கு நான் வராமல் ஆர் வாறது? வந்து மறிக்கிறவையை நான் பாக்கிறன்." வாசகத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்ரை நெத்தியைப் பாத்துப்போட்டுத்தான் கதிரையிலை இருக்கிறனீங்கள். பொட்டைக் கண்டால் உங்கடை முகம் தெளியும். கன காலமாய் நான் அதுக்குத்தான் வைச்சுக்கொண்டு திரியிறன். ஆடி அமாவாசைக் கோழியும் உங்களுக்கெண்டு காய்ச்சினதுதான். எனக்கு அண்டைக்குத் தொண்டையாலை இறங்காது. களைச்சுப்போனன், அண்ணை."

அதில் குற்றச்சாட்டு இல்லை. அவர் குரல் உயரவுமில்லை. நான் மேசைவிரிப்பின் ஓரத்தை நேர்செய்துகொண்டிருந்தேன். காத்திருப்பவர் அவர் என்றும், துணைக்கு வந்துபோகிறவன் நான் என்றும் எண்ணியிருந்தேன். தன்னளவில் என்றோ முடித்துவிட்ட ஒன்றை அவர் என் பொருட்டு நெற்றியில் சுமந்திருக்கிறார். ஆவணங்களில் நான் கண்ட மாலுமிகளின் மனைவியரையும் நம்பிக்கை விடாதவர்கள் என்றே எழுதிவந்திருக்கிறேன். அவர்களைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று தேடிப் பார்த்ததில்லை.

பெறாமகள் கையில் தொலைபேசியுடன் அறையிலிருந்து வந்தாள்.

"பெரியப்பா, காட் அடிக்கிற அங்கிள் வெயிற் பண்ணுறார். ரெக்ஸ்ற் ரெடியோ?"

தாய் என்னைப் பார்த்தார். குடும்பத்தில் மூத்தவன் நான். என் வாயால் வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம் போலும். நான் வாசகத்தைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். தம்பியின் பெயர் வரவேண்டிய இடத்தில், "காலஞ்சென்ற" என்றேன்; பிறகு பெயரைச் சொன்னேன்; பிறகு தாயின் பெயரை.

தட்டிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது.

"ஆர் யூ ஷுவர், பெரியப்பா?"

"ஓம்."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்துவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைத் தட்டி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அச்சகத்திலிருந்து வந்த மறுமொழியை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அந்தச் சொல்லை எல்லோரும் சின்ன எழுத்தில்தான் போடுகிறவர்களாம், பார்வைக்கு உறுத்தாது. அப்படியே செய்யட்டுமா என்று கேட்டிருந்தார்.

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. தாய் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாத்தையும் ஒரே அளவிலை போடச் சொல்லு, பிள்ளை," என்றேன்.