திக்கலைப் பாஸ்வேர்டாக்கிய அண்ணன்

அவளுக்கு முப்பத்திநாலு வயது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை வீட்டிலிருந்தே ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்பது வேலை. விரல்கள் பறக்கும். நாக்குதான் திக்கும். சின்ன வயதில் அவள் "த...த...தண்ணி" என்று கேட்டதை அண்ணன் மறக்கவேயில்லை. வீட்டுக்கு வைஃபை வந்த அன்றே, அந்தத் திக்கலை ஆங்கில எழுத்தில் அப்படியே பாஸ்வேர்டாக வைத்துவிட்டான். யார் கேட்டாலும், "அவளைக் கேளுங்க" என்பான்.

போன வாரம் அவள் ஆபீஸிலிருந்து புதுக் கம்ப்யூட்டர் மாட்ட ஒருவர் வந்தார். பாஸ்வேர்ட் கேட்டார். எழுதிக் கொடுக்கலாமென்று அவள் பேனாவைத் தேட, அண்ணன் அதை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

"வாயால சொல்லேன். சார் எவ்வளவு நேரம் நிப்பாரு?"

சொன்னாள்.

"சார், மூணு 'த'தான். இவ அஞ்சு போட்டுட்டா!" சோபாவில் புரண்டு சிரித்தான். வந்தவர் குனிந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

மறுநாள் காலை ரௌட்டரைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த விவரங்களை வைத்து அதன் செட்டிங்ஸைத் திறந்தாள். பழையதை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, அர்த்தமே இல்லாத பதினாறு எழுத்துகளைப் போட்டாள். ரௌட்டரின் விளக்குகள் அணைந்து எரிந்தன. உள்ளறையில் மேனேஜரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த அண்ணன் பாய்ந்து வந்தான்.

"எவ நெட்டைப் பிடுங்கினது?"

"நா...நான்தான். பாஸ்வேர்டை மா...மாத்திட்டேன்."

அம்மா ஈரக்கையோடு வந்தாள். "அவன் விளையாட்டுக்கு வச்சதுடி."

"ஏ...ஏழு வருஷமா விளையாட்டாம்மா? வீட்டுக்கு வர்றவன் போறவன் எல்லாம் சிரிக்க நா...நான்தான் கிடைச்சேனா? நீயும் சே...சேர்ந்துதானே சிரிச்ச!"

திக்கியது. திக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை. அம்மா தன் போனை நீட்டினாள்.

அம்மாவின் போன், டிவி, தன் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் புதுசைப் போட்டாள். பிரிண்டர் மட்டும் மத்தியானம் வரை உயிரை வாங்கியது. அண்ணனுக்குச் சாயங்காலம்தான் கொடுத்தாள். அதுவும் அவன் லேப்டாப்பை வாங்கி அவளே அடித்தாள்.

மூன்றாம் நாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "சாரி" என்றான்.

"மூ...மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் எழுந்து போய்விட்டான். அவள் கோபம் அடங்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.