செல்வராணி போட்ட எலுமிச்சம்பழம்

மலேசியாவின் லாபிஸ் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு பேச்சு: தோல் சாயப் பட்டறையில் வேலை பார்க்கும் செல்வராணி மந்திரித்த எலுமிச்சம்பழம் போட்டால், ரத்தச் சிவப்பாய் இருக்கிற தண்ணீரும் பளிங்காகிவிடுமாம். விசாரித்ததில் பழம் பொய், புளிப்பு உண்மை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கிறார்களே, அந்த அமிலம்தான். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்த நெடி புதிதல்ல.

மந்திரம் தெரிந்திருந்தால் அவருக்கே நிம்மதி. பட்டறைத் தண்ணீர் இரண்டு முறை சிவப்பாகவே கால்வாயில் ஓடி, பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தார் புகார் எழுதிவிட்டார்கள். மூன்றாம் முறையும் சிவந்தால் செல்வராணிக்கு வேலையில்லை என்றார் முதலாளி தவுக்கே. இரண்டு முறையும் சூட்டைக் குறைக்காதே என்றவர் மேற்பார்வையாளர் சிவகணேசன். அவர் ரசாயனப் பட்டதாரி. அவர் வேலைக்கு ஆபத்தில்லை.

மூன்றாம் முறை அறுபது ஆட்டுத்தோல். அறுபது டிகிரியில் சாயம் உள்ளே போனதும் செல்வராணி அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு ஹீட்டரை அணைத்துவிட்டு தோல் கிடந்த உருளையை மட்டும் சுற்றவிட்டார். சிவகணேசன் ஓடி வந்தார்.

"அலமாக்! என்ன செய்யிறீங்கள்? சூடு இருந்தாத்தானே சாயம் ஏறும்?"

"ஏறும் சார். எறங்கவும் செய்யும்."

"கெமிஸ்ட்ரி படிச்சது நானா, நீங்களா?"

"நீங்கதான் சார். ட்ரேன் தண்ணி செவந்தா வீட்டுக்குப் போறது நான் லா."

போன மழைக்காலத்தில் ஹீட்டர் கெட்டு, ஆறிய உருளையில் தண்ணீர் தானாகத் தெளிந்ததைப் பார்த்தவர் செல்வராணி. அமிலம் பட்ட தோல் சாயத்தைப் பிடிக்கும்போது சூட்டை வெளியே விடுகிறது; சுற்றிலும் சூடு மிகுந்தால் பிடி தளர்ந்து கொஞ்சம் சாயம் தண்ணீருக்கே திரும்பிவிடுகிறது. சூடு வேகத்துக்கு, ஆறுவது பிடிமானத்துக்கு. இதைத்தான் சிவகணேசன் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினார். தேர்வு முடிந்தது, மறந்தாயிற்று.

அரை மணியில் செல்வராணி வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டார்: பால் விடாத தே ஓ தேத்தண்ணி நிறம். இன்னும் இருபது நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் நிறம். தவுக்கே கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து, "போலே லா, விடலாம்" என்று கால்வாயைத் திறக்கச் சொன்னார். கம்பத்திலிருந்து கடிதம் வரவில்லை. வேலை தங்கியது.

மறுநாள் சிவகணேசன் வந்தார். எந்தச் சாயத்துக்கு எப்போது சூட்டை நிறுத்துவது என்று செல்வராணி எழுதி வைத்த நோட்டைக் கேட்டார். "ஒருக்கா பார்த்திட்டுத் தாறன்."

மூன்று வாரமாயிற்று. கேட்டால், "நாளைக்குக் கட்டாயம்." புதிதாக வந்த பழுப்புச் சாயத்தின் கணக்கைச் செல்வராணி இப்போது அமில டின்னின் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறார்.