அபிநயாவுக்காக அருணகிரி எழுதிய கணக்குகள்

அருணகிரிக்குப் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு ஆகாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலைக்கு வேலைக்குப் போனவர், இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறார். லாரியில் வந்து இறங்கும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, மெஷினுக்குத் தள்ளுவதில் தொடங்கி, வறுத்த ஜவ்வரிசியைக் களத்தில் பரப்பிக் கிளறிவிடுவது வரை அந்த ஆலையில் அவர் பார்க்காத வேலை இல்லை. படிப்பு என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் மகள் அபிநயா பக்கம் கையைக் காட்டிவிடுவார். "எனக்கும் சேத்து அவ படிச்சுக்குவா" என்பார்.

அந்த மனிதர் நாற்பத்தாறு வயதில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டி வந்தது.

அபிநயா பதினொன்றாவது படிக்கும்போது அவளுக்குக் கால் வீங்கியது. சூடாக இருக்கும் என்று அவள் அம்மா ஜோதி தினமும் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் காலையில் முகமெல்லாம் உப்பி, கண்ணே திறக்க முடியாமல் போனபோதுதான் நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டர். இந்த வியாதிக்காரர்களுக்கு இளநீர் ஆகாது என்று பிற்பாடு தெரிந்தது. அதிலிருந்து ஜோதி ரோட்டோரத்தில் இளநீர்க் கடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"என்னோடத ஒண்ண எடுத்து வெச்சுருங்க சார்" என்று அன்றைக்கே சொன்னார் அருணகிரி. சோதனை செய்து பார்த்தார்கள். அவருடைய ரத்த வகை மகளுக்குச் சேராது. ஜோதியுடையது சேரும். ஆனால் ஜோதிக்குச் சர்க்கரை இருந்தது. அதுவும் அந்தச் சோதனையில்தான் தெரிந்தது. "நான் பெத்த புள்ளைக்கு என்ற ரத்தம் சேராதுங்கறீங்களே, அதெப்படிங்க?" என்று கேட்டார் அருணகிரி. டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்குப் பதிந்துவைத்துவிட்டு, அதுவரை வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்வது என்று முடிவாயிற்று.

அதற்காக முதலில் இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஆபரேஷன் செய்தார்கள். சில மாதத்தில் அது அடைத்துக்கொண்டது. பிறகு வலது கையில் செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு வலது கை விரல்கள் சில்லிட்டு மரத்துப்போக ஆரம்பித்தன. பேனாவைப் பிடித்துக் கொஞ்ச நேரம் எழுதினால் போதும், பேனா நழுவிக் கீழே விழுந்துவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு முடிந்த நாளில் போவாள். மற்ற பாடங்களை வாசித்தே ஒப்பேற்றிவிடலாம். கணக்கை எழுதிப் பார்க்காமல் முடியாது. டயாலிசிஸ் படுக்கையில் ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. நாலு மணி நேரம் அப்படியே மேலே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அந்த நேரம் வீணாகப் போகிறதே என்பதுதான் அவளுடைய கவலையாக இருந்தது.

"அப்பா, நீங்க கணக்க வாசிங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்றாள் ஒருநாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சாமி."

"தெரிய வேண்டாங்ப்பா. கண்ணுல பட்டதச் சொன்னா போதும்."

அருணகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார். "நெட்டையா ஒரு கொக்கி போட்டிருக்குது. கொக்கிக்குக் கீழ பூஜ்யம், தலையில ஒண்ணு. அப்பறம் எக்ஸு. அதுக்குப் பக்கத்துல ஒரு ஈ. அந்த ஈ தோள்மேல சின்னதா இன்னொரு எக்ஸு குந்தீருக்குது."

அபிநயா சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து அருணகிரிக்கும் சிரிப்பு வந்தது. "அந்தக் கொக்கிக்குப் பேரு தொகையீடுங்ப்பா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவர் கிழங்கு மூட்டையில் எண் போடுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். கடைசியில் "விடை ஒண்ணு" என்றாள். புத்தகத்தின் பின்பக்கத்தைத் தேடிப் பார்த்தார். ஒன்று என்றுதான் போட்டிருந்தது. சுற்றியிருந்த படுக்கைகளுக்கெல்லாம் கேட்கும்படி, "செரியா இருக்குது சாமி" என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கொக்கியைத் தொகையீடு என்றும், மேலும் கீழும் எழுதுவதை வகையீடு என்றும் சொல்லப் பழகிக்கொண்டார். ஏன் அப்படி என்று கேட்கமாட்டார். எல்லை இல்லாத தொகையீட்டில் கடைசியில் ஒரு மாறிலி சேர்க்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு எப்படியோ மனதில் நின்றுவிட்டது. அவள் மறந்தால், "அந்த சி-யச் சொல்லலியே கண்ணு" என்பார். ஆலைக் களத்தில் ஜவ்வரிசியைக் கிளறும்போதுகூட வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் மந்திரம் என்று நினைத்தார்கள்.

பக்கத்துப் படுக்கைக்கு வெண்ணந்தூரிலிருந்து மணியன் என்ற தறிக்காரர் வருவார். அவருக்கு இந்த நிகழ்தகவுக் கணக்குகள் பிடிக்கும். பந்து, சீட்டு, பகடை என்று புரிகிற மாதிரி இருக்கிறதாம். ஒருநாள் அருணகிரி வாசித்த கணக்கு, ஒரு தொழிற்சாலையில் செய்யும் பல்புகளில் பத்தில் ஒன்று பழுதானது என்று தொடங்கியது.

"அந்தப் பழுதான பல்பு நாமதான் சாமி" என்றார் மணியன்.

"நம்ம ரெண்டு பேரும் ஒரே பெட்டியில வந்துட்டோங்க மாமா" என்றாள் அபிநயா. ஊசி போட வந்த கயல்விழி சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டுப் போனாள்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் போனபோது அந்தப் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அபிநயா கயல்விழியின் முகத்தைப் பார்த்தாள். கயல்விழி மெஷினில் எதையோ சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு, "ஊட்லயே தூக்கத்துல போயிட்டாராமா" என்றாள். அருணகிரி ஒன்றும் தெரியாதவர் மாதிரி புத்தகத்தைப் பிரித்து, போன முறை விட்ட இடத்திலிருந்து ஒரு நிகழ்தகவுக் கணக்கை வாசிக்க ஆரம்பித்தார்.

"இன்னிக்கு அது வேண்டாங்ப்பா. வகையீடு வாசிங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு கணக்கு ஆயிற்று. மூன்றாவது கணக்கின் விடை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். அப்போதும் வரவில்லை. கடைசியில் தாளைத் தன் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். அருணகிரி ஓரிடத்தில் மைனஸ் குறியை எழுதாமல் விட்டிருந்தார்.

"ஒரு சின்னக் கோடு, அதக் கூடப் பாக்க மாட்டீங்களா?" என்றாள். உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் பயந்துபோனார். அழுதால் ரத்த அழுத்தம் ஏறிவிடும். "என்ற தப்புத்தான் கண்ணு. இனிமே பாத்து எழுதறேன்" என்று அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் தலையை ஆட்டினாள். மைனஸுக்காக அழவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளாகவே பேசினாள். "மணியன் மாமா எனக்கு முன்னாடியே பேரு பதிஞ்சு வெச்சிருந்தாருங்ப்பா."

"நமக்கு எப்ப வரும்னு நீ கணக்குப் போட்டுப் பாத்தயா சாமி?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நினைத்தார்.

"பாத்தேன். போட முடியாதுங்ப்பா. புத்தகத்துல வேணுங்கறதெல்லாம் மொதல்லயே குடுத்துருவாங்க. இங்க யாரும் எதும் குடுக்கலியே" என்றாள்.

பரீட்சைக்கு அவளுக்காக எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. அருணகிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்கு டீச்சர் சாரதாமணியைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், நானே எழுதலாங்களா? அவ சொல்றது எனக்குப் பழகியிருக்குதுங்க. கணக்கு எனக்குத் தெரியாதுங்க, அதனால நான் சொல்லிக் குடுத்துருவேன்னும் பயமில்லீங்க."

சாரதாமணி அவரை உட்காரச் சொன்னாள். "சொந்தக்காரங்க எழுதக் கூடாதுங்க. வேற ஸ்கூல்ல இருந்து ஒரு டீச்சர அனுப்புவாங்க" என்றாள்.

"அவங்களுக்குக் கொஞ்சம் சொல்லி வெச்சுருங்க டீச்சர். பாப்பாவுக்கு மூச்சு வாங்கும். நடுவுல நிறுத்துனா மறந்துட்டான்னு நெனச்சுக்க வேண்டாம்."

கணக்குப் பரீட்சைக்கு அபிநயா முந்தின நாளே டயாலிசிஸ் முடித்துக்கொண்டு வந்தாள். பரீட்சை நடக்கும்போது அருணகிரி பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பெஞ்சு போட்டிருந்தும் உட்காரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வந்த பிறகு கடைசியாக அபிநயா வந்தாள். எழுதிய டீச்சர் வரலாறு நடத்துகிறவர், நல்லவர்தான், ஆனால் ஒவ்வொரு குறியையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது என்றாள். நிகழ்தகவில் ஒரு பெரிய கணக்குக்கு நேரம் போதவில்லை.

"தெரிஞ்ச கணக்குங்ப்பா. நீங்களா இருந்தா..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பாஸாயிருவேன்" என்று முடித்தாள்.

கணக்கில் எழுபத்தெட்டு வந்தது. ராசிபுரத்தில் பி.எஸ்ஸி. கணிதம் கிடைத்தது. அந்த நாட்களில் விரல்களும் ஓரளவு சொன்னபடி கேட்டன. மெதுவாக, குண்டு குண்டாக, தன் கையாலேயே எழுதினாள். ஆஸ்பத்திரியில் அருணகிரிக்கு வேலை குறைந்துபோயிற்று. அவள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள், அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் சேலத்திலிருந்து போன் வந்தது. இறந்த ஒருவருடைய சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்றார்கள். காரில் போகும்போது ஜோதி வழிநெடுக மாரியம்மனை வேண்டிக்கொண்டே வந்தாள். அங்கே போனால் ஒரு பையனோடு இன்னொரு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. யாருக்கு நன்றாகப் பொருந்துகிறதோ அவருக்கு என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். விடிகிற நேரத்தில் அந்தக் குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தப் பையனின் அம்மா திரும்பித் திரும்பி இவர்களைப் பார்த்துக்கொண்டே போனாள். அபிநயா அவளைப் பார்த்துக் கையை அசைத்தாள். "அவங்களுக்காவது கெடைச்சுதேங்ப்பா" என்றாள். அருணகிரிக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பையன் மேல் அவருக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது. அந்த ஆத்திரத்தை நினைத்துப் பிற்பாடு வெகுநாள் வெட்கப்பட்டார்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மாத்திரை போட்டதும் இறங்கியது. மறுநாள் குளிர் நடுக்கத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. ஒரு தடவை அருணகிரியை மட்டும் உள்ளே விட்டார்கள். அவள் உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டார். "அம்மாவச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். அடுத்த நாள் மதியம் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆகி, வந்த சொந்தக்காரர்களும் போன பிறகு, ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலில் மூன்று பெண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். கல்லூரியில் அபிநயாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்களாம். அவர்களில் வெண்ணிலா என்கிறவள்தான் பேசினாள்.

"எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்கம்மா. லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருக்கான்னு நெனச்சோம்."

"ஒடம்பு முடியாதவன்னு சொல்லியிருப்பாளே?" என்றாள் ஜோதி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒண்ணுமே சொல்லலீங்க. கையில தழும்பு எப்படின்னு கேட்டோம். ஏணியில இருந்து உழுந்துட்டேன்னா. வாரத்துல ரெண்டு நாள் டைப்பிங் கிளாஸ் போறேன்னு சொன்னா. நாங்களும் நம்பீட்டோம்."

இத்தனையும் மறைத்தாளே என்று அருணகிரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் பாவமாகத்தான் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. வீட்டில் கேட்கவே வேண்டாம். அவள் தண்ணீர் குடிக்கும் டம்ளரைக்கூட இரண்டு பேரும் அளந்து பார்ப்பார்கள். அந்த ஒரு வகுப்பறையில் மட்டும் அவளை யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். அது அவருக்குப் புரிய ஆரம்பித்தது.

"அங்க சிரிச்சுப் பேசுவாளா கண்ணு?" என்று ஜோதி கேட்டாள்.

"எங்க பெஞ்சுல சத்தமே அவளாலதானுங்க. ஒருக்கா மேடம் போர்டுல எழுதும்போது என்னமோ சொல்லிச் சிரிக்க வெச்சுட்டா. நாலு பேரையும் வெளிய நிறுத்தீட்டாங்க. பீரியட் முடியற வரைக்கும் வராண்டாவுலயே நின்னோம். அங்கயும் சிரிச்சுட்டே இருந்தா."

ஜோதி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சோறு திங்காம போகக் கூடாது" என்று மூன்று பேரையும் உட்கார வைத்தாள். மகள் போன பிறகு அவள் ஒழுங்காக அடுப்புப் பற்றவைத்தது அன்றைக்குத்தான்.

அருணகிரி இலை அறுத்து வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் வந்தார். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாழையோரம் நின்றார். உள்ளே பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் ஜோதியின் குரல் கேட்டது. அபிநயா அப்படி என்னதான் சொல்லிச் சிரிக்க வைத்தாள் என்று கேட்டாள். வெண்ணிலா மறுபடியும் முதலிலிருந்து அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அருணகிரி அங்கேயே நின்றுவிட்டு, அதற்கப்புறம்தான் இலையை அறுத்தார்.